காற்றை நிறுத்திய மதியம்

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். இது என் கொழுந்தியாளுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் என்று யாராவது வாயெடுத்தாலே சிரிக்கிறவள் அவள். "உங்க கல்யாண ஆல்பத்தப் பாத்தே பயப்படாதவ நான், மாமா" என்பாள்.

மண் ஆராய்ச்சி அவள் வேலை. மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க். வருடக்கணக்கில் கசிந்த எண்ணெய் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஊறிப்போயிருந்தது. அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அந்த மண்ணிலேயே உண்டு. அவற்றுக்கு மூச்சுதான் போதவில்லை. அதனால் குழாய்களை இறக்கி, மெஷின் வைத்து, ஓயாமல் காற்று செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஒரு சோதனை. காற்றை நிறுத்திவிட்டு, மண்ணுக்குள் ஆக்சிஜன் எத்தனை வேகமாகக் குறைகிறது என்று அளக்க வேண்டும். வேகமாகக் குறைந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க இழுக்கும் வேலை.

அவளைக் கூட்டி வந்த டிரைவர் அண்ணன் வண்டியில் கண்ணயர்ந்திருந்தார். அவள் மெஷினை நிறுத்தினாள். இரைச்சல் அடங்கியது. அளப்பதற்கென்று மண்ணுக்குள் இறக்கியிருந்த குழாயில் ஆக்சிஜன் மீட்டரைச் செருகினாள்.

எண் மளமளவென்று இறங்கியது. சில நிமிடங்களிலேயே பாதி.

மீட்டர் கோளாறு என்று நினைத்தாள். வேறொன்றைச் செருகினாள். அதிலும் அப்படியே...

குழாயின் வாயில் கை வைத்தாள். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. நின்றது. பிறகு, உள்ளே இழுத்தது.

பெட்ரோல் வாடை இல்லை. வியர்வை வாடை.

டொக்... டொக்...

கீழேயிருந்து.

குனிந்து காதை வைத்தாள்.

"நிறுத்தாதீங்க..."

எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள், தெரியாது. விரல் சுவிட்சில் இருந்தது. மெஷின் உறுமியது. அந்தச் சத்தத்தில் டிரைவர் அண்ணன் விழித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா, மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. கிளம்பலாம்."

"டெஸ்ட்டு?"

"வேற யாராச்சும் பாக்கட்டும்."

மனசு கேட்கவில்லை. மறுவாரம் பங்குக்கு எதிரே இருக்கும் பஞ்சர் கடைக்காரரிடம் போய் நின்றாள். அங்கே முன்பு ஏதாவது நடந்ததா என்று கேட்டாள். அவர் டியூபிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பூமிக்கடியில பெட்ரோல் தொட்டி இருந்துச்சு. அப்பவே தோண்டி எடுத்துட்டாங்க. இப்ப வெறும் மண்ணுதான்."

"ஏன் எடுத்தாங்க?"

"கழுவறதுக்கு ரெண்டு பேர் உள்ள இறங்கினாங்க. மேல மிஷின் வெச்சு காத்து விட்டுட்டுதான் இருந்தாங்க."

"அப்புறம்?"

"சத்தம் தாங்கலன்னு யாரோ அத நிறுத்திட்டாங்கம்மா."