காப்புக் கட்டுவதற்குள் பத்து கிலோ இறால்

மீன் லொறி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் வரும், சம்பளச் சனிக்கிழமையன்று. நீர்கொழும்பில் விடியுமுன் புறப்பட்டு, கினிகத்தேனையில் பால் விடாத ஒரு பிளேன்டி குடித்துவிட்டு, மஸ்கெலியா நீர்த்தேக்கத்தைச் சுற்றி மூச்சிரைக்க மேலேறும். உருகிய ஐஸ் வழியெல்லாம் ஓர் ஈரக்கோடு போட்டுக்கொண்டே வரும். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எனக்குக் கடல் என்றால் தார் ரோட்டில் கிடந்த அந்தக் கோடுதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். அந்தச் சனிக்கிழமை இரண்டு வாளிகளோடு வளைவில் நின்றேன். முந்திய மாதமே சொல்லி வைத்திருந்தேன், பத்து கிலோ இறால் வேண்டும் என்று. பத்து! ஒரே கூரைக்கடியில் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சாளை மீன் வாங்குவார்கள், கருவாடு வாங்குவார்கள். கால் கிலோ இறால் வாங்கினாலே அடுத்த நாலு வீட்டுக்குச் செய்தி போய்விடும்.

எல்லாம் அக்காவுக்காக. அவள் மூன்று வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். கடிதம் எழுதமாட்டாள், கசெட்டில் பேசி அனுப்புவாள். கடைசிக் கசெட்டில் அவள் குரல் இப்படி வந்தது: "இங்க வெள்ளிக்கெழமன்னா றாலு பொரிக்கிறேன் புள்ள. எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்ச பெறகு ஆறிப்போன மிச்சத்த நின்னுக்கிட்டே திங்கிறேன். நம்ம வீட்டுல ஒக்காந்து, சுடச்சுட ஒரு தட்டு திங்கணும். வேற ஒண்ணும் வேணாம்." பத்து நாள் லீவில் வருகிறாள். அடுத்த மீன் லொறி வருவதற்குள் திரும்பிப் போய்விடுவாள். அவள் அனுப்பிய பணத்தில் வாங்கிய பிரிட்ஜ், எங்கள் லயத்திலேயே முதல் பிரிட்ஜ், வீட்டில் குளிர்ந்துகொண்டு நின்றது. இதற்கு இல்லாவிட்டால் வேறு எதற்கு?

லொறிக்காரர் சிங்களவர். தமிழ் பேசுவார், ஆனால் அவசரமாக; தங்கச்சி என்பதற்கு மட்டும் சிங்களத்தில் 'நங்கி'தான். பெட்டியைத் திறந்தார். சாம்பல் நிறத்தில், கண்ணாடி போல, மீசையும் கால்களுமாக ஒன்றின் மேல் ஒன்று. கையை விட்டேன். எங்கள் மலைக் குளிரை விடக் கூரான குளிர்.

"நங்கி, தலை எடுங்க. ஓடு வைங்க. உப்புப் போட வாணாம். டப்பாவுல போட்டு மேல தண்ணி ஊத்துங்க. தண்ணிக்குள்ள ஐஸ் ஆவணும், அப்பத்தான் காயாது."

அன்று மதியம் முழுக்க வாசலில் உட்கார்ந்து நானும் அம்மாவும் தலை கிள்ளினோம். ஈர்க்குச்சியால் முதுகுக் கறுப்பு நரம்பை இழுத்தோம். அம்மா பழக்கத்தில் மஞ்சள் டப்பாவைத் திறந்துவிட்டார். நான் கையைப் பிடித்தேன்.

"அட, மஞ்சக் கூடவா போடக்கூடாது? பச்சத் தண்ணியில ஊறப் போட்டு வச்சா அது றாலா, கெணத்துத் தவளையா?"

"சொன்னபடி செய்வோம்மா. நீருக்குள்ளயே பொறந்தது, நீருக்குள்ளயே தூங்கட்டும்."

மாஜரின் டப்பா, ஐஸ்கிரீம் பெட்டி, யோகட் கப், கிடைத்ததிலெல்லாம் ஒரு வேளைக் கறிக்கு ஆகும் அளவு போட்டு நீர் ஊற்றினேன். விடிந்ததும் திறந்து பார்த்தால் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பளிங்குக் கட்டி, அதற்குள் வளைந்து வளைந்து உறைந்த வால்கள். கூச்சலே போட்டுவிட்டேன். என் வீட்டுக்குள் ஒரு துண்டுக் கடல் அசையாமல் நிற்கிறது என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. லயம் முழுக்கச் சொன்னேன். அதுதான் நான் செய்த பிழை.

ஏனென்றால் அன்று காலையே தப்பு மேளம் அடித்துக்கொண்டு ஆள் வந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு மேளக்காரர்கள் வேறு நாள் தரவில்லையாம். இரண்டு வாரம் கழித்து வரவேண்டிய திருவிழா, வருகிற செவ்வாய்க்கிழமையே காப்புக் கட்டுகிறது. காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கும் வரை தோட்ட எல்லைக்குள் கவுச்சி இருக்கக்கூடாது. மீனில்லை, முட்டையில்லை, கருவாட்டு மணம்கூட இல்லை. அக்கா வருவது புதன்கிழமை.

சாயங்காலம் கோயில் தலைவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மாவுக்கு அண்ணன் முறை. சீனி வருத்தம் என்ற நீரிழிவுக்கு அவர் போடும் ஊசி மருந்தும் எங்கள் பிரிட்ஜில்தான் இருந்தது.

"பிரிட்ஜுல என்னமோ வச்சிருக்கீங்களாமே?"

"ஒங்க மருந்து இருக்கு மாமா."

"அது தெரியும். அதுக்கு மேல?"

"ஐஸு."

"ஐஸுக்கு வாலு இருக்குன்னு ஊரே சொல்லுது."

"கல்லாட்டம் ஒறைஞ்சு கெடக்கு மாமா. மணமே இல்ல. வேணும்னா மோந்து பாருங்க."

"காப்புக் கட்டப்போற ஆளு. மோந்தெல்லாம் பாக்க மாட்டேன்."

அம்மா என் பக்கம் நிற்கவில்லை. "கவுச்சி ஒறைஞ்சாலும் கவுச்சிதான்டி. ஒங்க அக்கா நல்லபடியா வந்து சேரணும். சாமி குத்தம் வேணாம்."

"அப்ப ஒரே பொட்டிக்குள்ள இருந்த மாமா மருந்து மட்டும் சுத்தமா?"

தலைவர் சிரித்துவிட்டார். "வாயி அப்படியே ஒங்கப்பன். சரி, கேளு. செவ்வாக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்குக் காப்பு. அதுக்குள்ள எல்லையத் தாண்டிரணும். அவுத்த பெறகு கொண்டாந்துக்க. நடுவுல ஒரு வாலு கூட உள்ள இருக்கக்கூடாது."

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்ததும் டப்பாக்களைப் பழைய கம்பளியில் சுற்றி, கொழுந்துக் கூடைக்குள் அடுக்கி, கயிற்றைத் தலையில் மாட்டினேன். கொழுந்து சுமந்தே பழகிய முதுகில் முதல்முறையாகக் கடல் ஏறியது. முதுகெலும்பு வரை சில்லென்று இறங்கியது. ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். எல்லை ஓடையின் பாலத்தைத் தாண்டி பஸ் பிடித்தபோது ஆறாக இருபது நிமிஷம் இருந்தது.

மஸ்கெலியா டவுனில் ஐஸ் பாக்கெட் விற்கும், எல்லாரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் கடைக்காரரிடம் பெரிய டீப் பிரீசர் உண்டு. விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"சாமிக்குப் பயந்து ஊர விட்டு ஓடி வந்த றாலா? வைங்க தங்கச்சி. எனக்கு ரெண்டு டப்பா. மத்தது பத்திரமா இருக்கும்."

அக்கா புதன்கிழமை வந்தாள். மெலிந்திருந்தாள். பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். நான் எல்லாவற்றையும் சொன்னபோது, "பொறுத்துக்கலாம், பழக்கம்தான்" என்றாள். அந்தப் 'பழக்கம்தான்' என்னைக் குத்தியது. கரகம் வந்தது, தீ மிதித்தார்கள், நாள்கள் பறந்தன. அவள் லீவின் கடைசி நாள், அடுத்த வார வெள்ளிக்கிழமை. மத்தியானம் மஞ்சள் நீராட்டு முடிந்தால்தான் காப்பு அவிழும். இரண்டு மணிக்கு அக்காவைக் கொழும்புக்குக் கூட்டிப்போக வேன்.

பன்னிரண்டு மணிக்கே நானாவிடமிருந்து எடுத்த டப்பாக்களோடு பாலத்துக்கு வெளியே வந்து நின்றேன். ஓடைக்கு அந்தப்பக்கம் எங்கள் தோட்டம், இந்தப்பக்கம் நான். மேலே லயத்தில் ஒரே கூச்சல். ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்கள், முடிக்கவே மாட்டேன் என்கிறார்கள். பன்னிரண்டரை. கூடையிலிருந்து சொட்டத் தொடங்கியது. ஒரு மணி. டப்பாவைத் தொட்டால் பளிங்கு விட்டுக்கொடுத்து, வால்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. ஒன்றே காலுக்கு வேன் என்னைக் கடந்து மேலே ஏறியது. நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டான் பாவி. எனக்கு அழுகை வந்தது.

அப்போது தப்புச் சத்தம் கீழே இறங்கியது. மஞ்சளில் நனைந்த வேட்டியோடு தலைவர் முன்னால் வந்தார். ஓடைக்குள் முழங்கால் வரை இறங்கினார். மணிக்கட்டு நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்து நீரில் விட்டார். அது மிதந்து வளைவில் மறைவதற்கு முன்பே என்னைப் பார்த்துக் கத்தினார்:

"ஏ புள்ள! என்ன வேடிக்க பாக்குற? ஓடு, அடுப்ப மூட்டு!"

பறந்தேன். கூடை குதிக்க, முதுகெல்லாம் நீர் வழிய, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் பறந்தேன். அம்மா வெங்காயம் அரிந்து, எண்ணெய் காய வைத்துத் தயாராக நின்றார். காத்து நின்றதில் இறால் சரியாக உருகியிருந்தது. சட்டியில் விழுந்ததும் சீறியது. சாம்பல் நிறம் செம்மையாகி வளைந்தது. அந்த மணம் எங்கள் லயத்தில் அதுவரை யாரும் முகராத ஓர் ஊரின் மணம்.

அக்கா தன்னையறியாமல் கரண்டியை எடுத்துக்கொண்டு பரிமாற நின்றாள். அம்மா அதைப் பிடுங்கி, தோளை அழுத்தி அவளைப் பலகையில் உட்கார வைத்தார். தட்டு நிறையச் சோறு, அதன் மேல் ஆவி பறக்கப் பறக்க இறால். முதல் வாய் வைத்தவள், "ஆ! நாக்கு வெந்து போச்சுடி!" என்று வாயைத் திறந்து விசிறிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர். அடுத்ததை ஊதாமலே எடுத்தாள்.

வெளியே வேன்காரன் ஹோர்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான். அம்மா கரண்டியோடு வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"கொஞ்சம் இருங்க தம்பி! எம்மக சாப்புட்டுக்கிட்டு இருக்கா!"