நகத்தளவு முகம்

என் தங்கச்சி புருஷனை எல்லாரும் சிடிக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. பழைய கல்யாண டிவிடியை வாங்கி, கம்ப்யூட்டர்ல போட்டு, இப்ப வர்ற பெரிய டிவிக்கு ஏத்த மாதிரி துலக்கித் தர்றது அவர் தொழில். அப்படியே போட்டா புகை படிஞ்ச மாதிரி தெரியற படம், அவர் கைக்குப் போயிட்டு வந்தா புடவைக் கரையில இருக்கற கட்டத்தைக்கூட எண்ணலாம். ஆனா தேனொழுகப் பேசத் தெரியாத மனுஷன். "கிட்டத்துல எடுத்த முகம்னா பளிச்சுனு வரும். தூரத்துல நிக்கறவங்க முகம் டிவிடியிலயே பத்துப் பதினஞ்சு புள்ளிதான். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் தானா நினைச்சு வரையும். அது உங்க ஆளா இருக்காது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவார். அதனாலேயே பாதி வியாபாரம் போச்சு.

ஊருக்கெல்லாம் சொன்னவருக்குத் தனக்குன்னு வந்தப்ப அது மண்டையில ஏறலை.

தங்கச்சி செத்தப்ப அவ பொண்ணுக்கு ஒண்ணரை வயசு. அடுத்த வருஷமே வீட்டுக்குள்ள வெள்ளம் புகுந்து ஆல்பம், வீடியோ எல்லாம் கூழாப் போச்சு. என்கிட்ட இருந்த போட்டோவையும் அந்த வீட்லதான் குடுத்து வச்சிருந்தேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. பக்கத்து வீட்டுக் கல்யாண டிவிடியில, கடைசி வரிசையில, அஞ்சு செகண்ட் நிக்கறா. முகம் நகத்தளவு.

இப்ப பொண்ணு வேலை கிடைச்சு வெளிநாடு கிளம்பறா. "போறதுக்குள்ள அம்மா முகத்தை ஒரு தடவை காட்டிடுங்கப்பா"ன்னு கேட்டா. பெத்த மனசு தாங்குமா?

மூணு மாசம் உக்கார்ந்தார். சுவர் தெளிவா வந்துச்சு, நாற்காலி வந்துச்சு, கதவுல எழுதியிருந்த எழுத்துகூட வந்துச்சு. முகம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பொம்பளை. கடைசியில ஒரு வேலை செஞ்சார், பாவி மனுஷன். மாதிரிக்கு வேற போட்டோ காட்டினா, அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் முகத்தை நிரப்புமாம். பொண்ணோட போட்டோவையே காட்டிட்டார்.

கிளம்பற அன்னைக்குக் காலையில டிவியில போட்டார். பொண்ணு எழுந்து போய்த் திரையைத் தொட்டா. "பெரியம்மா, அம்மா அச்சு அசல் என்னை மாதிரியே இருக்காங்க! ஏன் யாருமே சொல்லலை?"ன்னு அழுதா, சிரிச்சா.

பொண்ணு அப்பனை உரிச்சு வச்சவ. என் தங்கச்சிக்கு வட்ட முகம், தெத்துப்பல், இடது கண்ணு கொஞ்சம் சின்னது. திரையில நின்னவகிட்ட அதுல ஒண்ணுகூட இல்லை. நாலு கேள்வி நறுக்குனு கேக்கலாம்னு அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் கண்ணெல்லாம் தண்ணி. என் காதுக்கிட்ட வந்து, "அக்கா, இவ இப்படித்தானே இருந்தா? பார்த்துப் பார்த்து இப்ப எனக்கு வேற முகமே ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. நீங்க சொல்லுங்க"ன்னார்.

"ஆமா தம்பி, இவளேதான்"னேன்.

என் தங்கச்சி முகம் இனிமே என் ஒருத்திகிட்டதான் இருக்கு. எனக்கு வரையவும் தெரியாது.