கோவிந்த நாயக்கர் போட்ட கையெழுத்து

போன சனிக்கிழமை கிண்டிக்குப் போயிருந்தேன். எதற்கு? ஒரு மனிதர் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க.

சிரிக்காதீர்கள். அன்று அங்கே கூடியிருந்த மற்ற எல்லாரும் கோல்ப் பந்தயம் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். கல்கத்தாவிலிருந்து ஆள் வந்திருந்தது, பெங்களூரிலிருந்து வந்திருந்தது, கொழும்பிலிருந்து கப்பல் ஏறி ஒருவர் வந்திருந்தார். எனக்கு அவர்கள் ஆட்டம் முக்கியமில்லை. ஆட்டம் முடிந்ததும் மரத்தடியில் ஒரு மேஜை போடுவார்கள்... அந்த மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. எங்கள் பத்திரிகை ஆசிரியருக்குத் திடீர் திடீரென்று யோசனை உதிக்கும். "ஓய், கிண்டியில வருஷா வருஷம் ஒரு கோல்ப் பந்தயம் நடக்கறதே, அதோட பூர்வோத்தரம் என்னன்னு எழுதும்" என்றார். எனக்கும் கோல்புக்கும் என்ன சம்பந்தம்? மயிலாப்பூரில் டிராமைப் பிடிக்க ஓடுவதைத் தவிர நான் வேறு தேகப்பயிற்சி அறியாதவன். அதைச் சொன்னேன். "அப்போ பாரபட்சம் இல்லாம எழுதுவீர்" என்று சொல்லிவிட்டார்.

கிளப்புக்குப் போனேன். வாசலில் நின்ற டவாலிச் சேவகன் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தான். பஞ்சகச்சம், குடை, செருப்பு. "பந்தயத்தைப் பத்தி கேக்கணுமா? பின்பக்கமா போ. கொட்டாயில நாயக்கர் இருப்பாரு" என்றான்.

கொட்டகையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்து, உடைந்த கோல்ப் மட்டைக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கறுத்த, மெலிந்த தேகம். மணிக்கட்டு மட்டும் இரும்பு. தேனாம்பேட்டை கோவிந்த நாயக்கர். துரைகளுக்கு மட்டை தூக்கிக்கொண்டு நடக்க வந்தவர், இருபது வருஷத்தில் அதே துரைகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகிவிட்டார். துரைகள் பொழுது போக ஆடுகிறவர்கள். இவர் மாதிரி பிழைப்பாக ஆடுகிறவர்களுக்கு 'புரொபஷனல்' என்று பெயர். அந்தப் பந்தயம் இவர்களுக்காகத்தான்.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு தெரு நீளத்துக்குப் புல் வளர்த்து, அதன் கோடியில் டம்ளர் அகலத்தில் ஒரு குழி தோண்டுகிறார்கள். பந்தை மட்டையால் அடித்து அடித்து அந்தக் குழியில் தள்ள வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழி. மொத்தத்தில் குறைவாக அடித்தவர் ஜெயித்தவர். உலகத்தில் அதிகமாக அடித்தவன்தான் ஜெயிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதிதாக இருந்தது.

பந்தயத்தின் சரித்திரத்தை நாயக்கர் சொன்னார்.

"ஜெர்மன்காரன் சண்டைக்கு முன்னால ஐயிரே. இந்த ஊர் துரை ஒருத்தர், பெங்களூர் துரை ஒருத்தர், ரெண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில வாய்ச்சண்டை. என் வாத்தி பெரியவனா, உன் வாத்தி பெரியவனான்னு. சரி, ஆட விட்டே பாத்துடலாம்னு சொல்லி, மேஜை மேல இருந்த சூப்புக் கிண்ணத்தையே பரிசா வெச்சுட்டாங்க. வெள்ளிக் கிண்ணம். இன்னிக்கும் அதான் கோப்பை."

"சூப்புக் கிண்ணமா?"

"மூடி கெடையாது. அது எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல."

மூடியில்லாத அந்தக் கிண்ணத்துக்கு வந்திருக்கும் மவுசைப் பாருங்கள். எந்தக் கிளப்பின் வாத்தியார் அதை ஜெயிக்கிறாரோ அந்தக் கிளப்புக்கு அந்த வருஷம் முழுவதும் தலை நிமிர்ந்திருக்கும். இங்கிலீஷ் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதும். ஜெயித்தவருக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு போடுவார்கள். அவர் பெயரைத் தேக்குப் பலகையில் தங்க எழுத்தில் பொறிப்பார்கள். பலகை இருப்பது கிளப்பின் உள் ஹாலில். ஹாலுக்குள் வாத்தியார்கள் போகக் கூடாது.

"பின்னே அவர் பெயரை அவர் எப்படிப் பார்ப்பார்?" என்று கேட்டேன்.

"ஜெயிச்ச அன்னிக்கு மட்டும் கூட்டிக்கினு போய்க் காட்டுவாங்க. அப்பறம் தாவாரத்துல நாற்காலி போட்டு, துரைங்க நடுவுல ஒக்கார வெச்சு, பீங்கான் கோப்பையில டீ குடுப்பாங்க. அன்னிக்கு ஒரு நாளு. மறுநாள் இந்தக் கொட்டாயிதான்."

வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பது போலச் சொன்னார். பிறகு, "அந்த நாற்காலியில நான் ஒக்காந்து கீறேன் ஐயிரே. அரைக் கோப்பை டீ குடிச்சு கீறேன்" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முந்திய சங்கதி அது. இந்தப் பந்தயத்தில் ஒருவர் அடிக்கும் அடிகளை அவரோடு கூட ஆடுபவர் ஒரு சீட்டில் குழி குழியாக எழுதிக்கொண்டு வருவார். கடைசியில் ஆடினவர் அந்தச் சீட்டைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். நாயக்கருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். மொத்தம் கூட்டிப் பார்த்தார்கள்... எல்லாரையும் விடக் குறைவு. கோட்டு வந்தது, நாற்காலி வந்தது, டீ வந்தது. பாதி டீயில் ஒரு துரை வந்து, நாலாவது குழியில் நாயக்கர் ஐந்து அடி அடித்ததைத் தான் பார்த்ததாகவும், சீட்டில் நாலு என்று இருப்பதாகவும் சொன்னார். விசாரித்தார்கள். எழுதினவர் அசந்து எழுதிவிட்டது தெரிந்தது. ஆனால் சட்டம் சட்டம். தப்பான சீட்டை ஒப்புக்கொண்டவர் பந்தயத்திலேயே இல்லை. கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

"தேனாம்பேட்டை பூராவும் பேச்சு. நாயக்கரு கள்ள ஆட்டம் ஆடிட்டாருன்னு. என் சம்பந்தி வூட்ல எங்க பொண்ண ஒரு வார்த்த கேட்டுட்டாங்க. அதுதான் தாங்கல."

"அன்று உங்களுக்கே தெரியவில்லையா, ஒன்று குறைகிறது என்று?"

அவர் சுற்றிக்கொண்டிருந்த கயிற்றை நிறுத்தினார்.

"தெரிஞ்சுது ஐயிரே. அடிக்கிற அடி அத்தினியும் எனக்கு மனசுல நிக்கும். துரை மொத்தம் சொன்னப்ப ஒண்ணு கம்மியா வந்துது. படிச்சவங்க எழுதினது... அதான் சரியா இருக்கும், நம்ப மனசுக் கணக்குதான் பெசகிப் போச்சுன்னு வுட்டுட்டேன்."

சரித்திரம் எழுத வந்தவனுக்குச் சரித்திரம் மறந்து போயிற்று.

கிளம்பும்போது கேட்டார்: "இங்கிலீஷ் நம்பரும் என் பேரும் மட்டும் சொல்லிக் குடுப்பீங்களா? பந்தயத்துக்கு ரெண்டு மாசம் கீது."

திங்கட்கிழமைகளில் கிளப்புக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்கும். நாயக்கர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார். என்னை விடப் பதினைந்து வயது மூத்த மாணாக்கர். பலப்பத்தை இரண்டு கையாலும் பிடிப்பார் – மட்டை பிடிக்கிற மாதிரியே.

வாத்தியார் உத்தியோகம் எனக்கு ஒத்துவரவில்லை என்று இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. "கோவிந்தன்னு சொல்றதுக்கு ஜீன்னு ஏன் ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார். நான் இங்கிலீஷ் பாஷையின் வினோதங்களைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் கொட்டாவியை மரியாதையாக மறைத்துக்கொண்டார்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, நீங்க சித்த நகருங்கோ. எழுத்தைக் காதால கேட்டா வருமா? கையால வரணும்" என்றாள். பிறகு அவரிடம், "நாயக்கரே, மட்டையைப் பின்னால தூக்கிண்டு கீழ வீசி, பாதியிலயே உள்ள மடக்கி நிறுத்தினா எப்படி இருக்கும்? வீசிக் காட்டுங்கோ பாப்போம்" என்றாள். அவர் காற்றில் வீசினார். "அதான் ஜீ. அதைப் பலகையில வீசுங்கோ."

வந்துவிட்டது.

அன்றோடு எனக்கு வேலை போயிற்று. நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், அவர்கள் இருவரும் கூடத்தில் மட்டை வீசிக்கொண்டிருப்பார்கள். ஒன்றும் ஏழும் அவரைக் கொஞ்சம் படுத்தின. ஆறும் ஒன்பதும் ரொம்பப் படுத்தின. "ஒரே ஆளு தலைகீழா நின்னா வேற ஆளா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? ஏழாவது திங்கட்கிழமை, என் மனைவி பதினெட்டுக் கட்டம் போட்டு இஷ்டத்துக்கு எண்களை எழுதி நீட்டினாள். நாயக்கர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பிசகாமல் படித்து, கீழே பெயரும் போட்டார். அந்தக் காகிதத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டு போனார்.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம்.

மாம்பலம் வரை நடந்து, எலெக்ட்ரிக் ரயில் ஏறிக் கிண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் பாதி முடிந்திருந்தது. நாயக்கரோடு கூட ஆடியவர் கல்கத்தாவிலிருந்து வந்த ரஹீம் என்கிற குண்டு மனிதர். சிரித்த முகம். ஒருவர் அடியை ஒருவர் எழுத வேண்டுமல்லவா? நாயக்கர் சீட்டு ரஹீம் கையில், ரஹீம் சீட்டு நாயக்கர் கையில். நாயக்கர் பென்சிலால் ஒவ்வொரு எண்ணாக எழுதுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

பதினான்காவது குழியில் அவர் பந்து ஒரு முட்புதருக்குள் போய்விட்டது. இருந்தாலும் அங்கே இங்கே தட்டி எப்படியோ வெளியே கொண்டுவந்தார். அப்புறம் ஆடினாரே ஓர் ஆட்டம்... எனக்கே கை தட்டத் தோன்றியது. முடிவில் கோப்பை இவருக்கு அல்லது ரஹீமுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மரத்தடி மேஜைக்கு வந்தார்கள். கிளப் காரியதரிசி துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பழக்கப்படி மைப் பெட்டியும் தயார்.

"நான் எழுதறேன் தொரே" என்றார் நாயக்கர்.

துரை புருவத்தைத் தூக்கிப் பேனாவை நீட்டினார். நாயக்கர் பேனாவை வாங்கிக்கொண்டு சீட்டைப் படிக்க ஆரம்பித்தார். முதல் குழி. இரண்டாவது குழி. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, உதட்டை அசைத்து... துரைமார்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் குடையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தேன். பதினான்காவது கட்டத்தில் விரல் நின்றது.

"இது தப்பு" என்றார். "அஞ்சு போட்டுகீது. ஏழு."

ரஹீம் பதறிப் போனார். தான் பார்த்தது ஐந்துதான் என்று ஹிந்துஸ்தானியில் சத்தியம் செய்தார். நாயக்கர் அவர் தோளைத் தட்டினார். "நீ அந்தாண்ட இருந்தே பாய். புதருக்குள்ள ரெண்டு அடி அடிச்சேன். பந்து ஒரு சாண்கூட நகரல."

துரை முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். இலக்கணம் பிசகாது. "கோவிந்தன், நன்றாக யோசித்துச் சொல். ஐந்து என்றால் நீ ஜெயித்தவன். ஏழு என்றால் ரஹீம் ஜெயித்தவன். விளங்குகிறதா?"

"விளங்குது தொரே. ஏழு."

அவரே ஐந்தைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் ஏழு எழுதினார். கீழே பெயரை எழுதினார். ஜீ மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

துரை சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன் நடந்த கலாட்டாவுக்குப் பிறகு, யாருக்கும் சொல்லாமல், ஒவ்வொரு ஜோடியின் பின்னாலும் ஒருவரை நடக்கவிட்டு அடிகளைத் தனியாக எழுதி வைக்கிறார்களாம். அதில் பதினான்காவது குழிக்கு எதிரே என்ன இருந்தது தெரியுமா? ஏழு. ஐந்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த வருஷமும் மனிதர் வெளியேதான். துரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுந்து நின்று நாயக்கருக்குக் கை கொடுத்தார். பிறகு சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, மூன்று வருஷத்துக்கு முன் நடந்ததும் எழுதினவர் பிழைதான், ஆடினவர் பிழை அல்ல என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னார். கூட்டத்தில் தேனாம்பேட்டை ஆட்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். அவருடைய சம்பந்தியும் இருந்தார். சம்பந்தி முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எழுதத் தெரியாமல் அன்று முதல் இடம் போயிற்று. படிக்கத் தெரிந்து இன்று இரண்டாம் இடம் வந்தது. எது லாபம் என்று என்னைக் கேட்டால், அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள் என்பேன். படித்தவர்கள் என்று பெயர் வாங்கிய நாம், எத்தனை காகிதத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்தைப் போட்டுத் தள்ளுகிறோம்? போன வாரம் ஆபீசில் ஒரு மனுவில் நான் போட்டேன். மறுநாள்தான் தெரிந்தது – என் நாற்காலியையே வேறு அறைக்கு மாற்றச் சொல்லும் மனு அது.

ரஹீமுக்கு நீலக் கோட்டு போட்டார்கள். பலகையைக் காட்டினார்கள். தாவாரத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அவர் ஒரு வாய் குடித்தார். கோப்பையையும் சாஸரையும் கையிலெடுத்துக்கொண்டு படியிறங்கினார், நேராக மரத்தடிக்கு வந்தார். பாதியைச் சாஸரில் ஊற்றி நாயக்கரிடம் நீட்டினார். இருவரும் நின்றுகொண்டே குடித்தார்கள். தாவாரத்திலிருந்த துரைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெயித்தவர் இல்லாமல் விருந்து எப்படி நடக்கும்? ஒவ்வொருவராகத் தங்கள் டீயைத் தூக்கிக்கொண்டு அவர்களும் மரத்தடிக்கு இறங்கி வந்தார்கள்.

நேற்றுத் திங்கட்கிழமை. ஏழு மணிக்குச் சைக்கிள் மணி கேட்டது. பாடம்தான் முடிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"உங்க பத்திரிகைல என்னப் பத்தி எழுதப் போறீங்களாமே. துரை சொன்னாரு" என்றார் நாயக்கர்.

"ஆமாம். வந்ததும் படித்துக் காட்டுகிறேன்."

"நீங்க எதுக்கு சிரமப்படணும்? தமிழ் எழுத்தும் சொல்லிக் குடுங்க. இன்னா எழுதி கீறீங்கன்னு நானே பாத்துக்கறேன்."

என் மனைவி அதற்குள் பலகையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். சித்திரைக்குள் சரளமாகப் படித்துவிடுவார் என்கிறாள்.

இந்த வாரம் பெரிய பெரிய வார்த்தைகளை எல்லாம் நான் ஏன் தவிர்த்தேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.