சிறுத்தைக்கு அடைத்த வேலி

கோப்பாயில் வேலிகளுக்கு நடுவே ஓடும் எங்கள் ஒழுங்கைக்குச் சிறுத்தை வந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். அதைக் கண்டவர் ஒருவருமில்லை. கண்டவரைக் கண்டவர்கள் ஏராளம். அச்சுவேலிப் பக்கம் ஒரு ஆட்டைக் கிழித்துப் போட்டிருந்ததாம். வெங்காயத் தோட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அடி பதிந்திருந்ததாம். எந்தக் காட்டிலோ எடுத்த படமொன்று எல்லாருடைய போனிலும் ஏறி, "உது எங்கடை வாசிகசாலைக்குப் பின்னாலை எடுத்தது" என்று எங்களிடமே திரும்பி வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் ஆண்டு நான்கு. கிணற்றடிக்குக்கூடத் தனியே போகமாட்டேன்.

பொழுதுபடுகிற நேரத்தில் ஒரு குரல் கேட்கத் தொடங்கியது. குரைப்புமில்லை, உறுமலுமில்லை. தொண்டை கிழிந்த யாரோ எங்களைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். ஒருநாள் வடக்கு வேலியோரம் கேட்கும், மறுநாள் தெற்கில். கேட்டதும் ஒழுங்கை நாய்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். அதுதான் எனக்குக் கூடுதல் பயம். அந்தக் கிழமைதான் எங்கள் வீட்டுப் பூனையும் காணாமல் போனது. அதையும் சிறுத்தைதான் பிடித்தது என்று முடிவுகட்டினோம்.

எங்களூர் வேலிகளில் பொட்டு இருக்கும். பக்கத்து வீட்டுக்குப் போய்வர ஓலையை விலக்கி விட்டிருக்கும் வழி அது. சிறுத்தையும் அதற்குள்ளால்தான் வரும் என்று பெரியவர்கள் எல்லாப் பொட்டுகளையும் அடைக்கத் தொடங்கினார்கள். மதிலேறிப் பாயத் தெரிந்த பிராணிக்குப் பொட்டு எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை! அம்மாவின் தம்பி, என் மாமா, காவலுக்குத் தலைவர். குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கும் கையுமாகத் திரிந்தார்.

எங்கள் பொட்டை அடைக்க மாமா ஓலையைத் தூக்கியபோது கீழே எங்கள் பூனை படுத்திருந்தது.

"எங்கையடி போனனீ?" என்று ஆசையாய்க் கையை நீட்டினார்.

அது அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்தது. கடைவாயில் எச்சில் வடிந்தது. பிறகு வாயைத் திறந்தது. ஐயோ, அந்தக் குரல்! இத்தனை நாள் ஒழுங்கையையே நடுங்கவைத்தது எங்கள் பூனைதான். மறுகணம் மாமாவின் பெருவிரலைக் கவ்வியது, உதறியும் விடவில்லை.

மறுநாள் அது கிணற்றடியில் செத்துக் கிடந்தது. அம்மா பதறிவிட்டார்.

"தம்பி, விசர்ப் பூனையடா உது. ஓடிப்போய் ஊசியைப் போடு. உயிரோடை விளையாடாதை."

"சும்மா இருங்கோ அக்கா. சிறுத்தைக்குக் காவல் நிக்கிறவனைப் பூனை கடிச்சுப்போட்டுதெண்டு ஆஸ்பத்திரியிலை போய்ச் சொல்லட்டே? சந்தி சிரிக்கும்."

மஞ்சளை அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு காவலுக்குப் போனார். கேட்டவர்களிடம் முள்ளுக்கம்பி கீறியது என்றார். அம்மா கெஞ்சினார், சண்டை பிடித்தார், கடைசியில் அவரோடு கதைப்பதையே விட்டார். மாமா அசையவில்லை. காயம் ஆறியதும் அம்மாவும் மெல்ல மெல்லச் சமாதானமானார்.

குரல் நின்றுவிட்டதால் சிறுத்தை ஊரைவிட்டுப் போய்விட்டது என்றார்கள். பொட்டுகளைத் திரும்பத் திறந்தோம். மாமாவைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள்.

பிறகொரு மத்தியானம் மாமா தோட்டத்தால் வந்து, கை விறைக்குது என்று சொல்லிக்கொண்டு விறாந்தையில் இருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். செம்பு வாயருகே போனதும் அவர் கழுத்து வெட்டி இழுத்தது. கண் பிதுங்கியது. தண்ணீர் நெஞ்செல்லாம் கொட்டியது. மறுபடி செம்பைத் தூக்கினார். மறுபடியும் அப்படியே. குசினி வாசலில் நின்ற அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

தண்ணீரைக் கண்டு தொண்டை இழுப்பதுதான் அந்த வெறிநோயின் குறி என்றும், அது வந்தபிறகு எந்த ஊசியும் ஆளைக் காப்பாற்றாது என்றும் எனக்கு எங்கே தெரியும்? மாமா எனக்காகத்தான் கோணங்கி காட்டுகிறார் என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தேன்.

"மாமா, இன்னொருக்காச் செய்து காட்டுங்கோ!"