டவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்து, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற பதிலைக் கேட்டுத் திட்டித் தீர்த்தவர்களுக்கு ஒரு விளக்கம். நான் எந்த எல்லைக்கும் வெளியே போகவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில்தான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

பள்ளித்தோழி வீட்டுக் கிரகப்பிரவேசம். விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது நன்றாக இருந்த போன், இறங்கும்போது 'நோ சர்வீஸ்' என்று கையை விரித்துவிட்டது. வீடு எந்தத் தெரு? தெரியாது. பத்திரிகையை வாட்ஸப்பில்தானே அனுப்புகிறார்கள், நெட் இல்லாமல் அது திறக்கவே இல்லை! தோழியின் நம்பர் மனப்பாடமா? என் வீட்டுக்காரர் நம்பரே எனக்கு முழுசாகத் தெரியாது.

தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தேன். ஏரோப்ளேன் மோட் போட்டு எடுத்தேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, சிம்மை வெளியே எடுத்து, ஊதி, முந்தானையில் துடைத்துச் செருகினேன். ம்ஹூம்…

எதிரே ஒரு செல்போன் கடை. கடைக்கார பாய் செட்டிங்ஸுக்குள் போய் ஏதோ தட்டினார்.

"கை பட்டு நெட்வொர்க் மேனுவலுக்கு மாறிக்கீது. ஆட்டோமேட்டிக்ல போட்டுட்டேன். தோ, வருது பாருங்க."

வந்தது. கிளம்ப எழுந்தபோதுதான் ஒரு அம்மா உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில், துணிக்கடை கவரில் சுற்றிய டச் போன்.

"டவரே வர்ல பாய். தை பொறந்ததுலேர்ந்து இப்டிதான். மோட்டார் கொட்டாய் மேல ஏறிகூட நின்னு பாத்துட்டேன்."

பாய் அந்த சிம்மை எடுத்துத் தன் போனில் போட்டார். டவர் வரவில்லை. தன் சிம்மை அந்த அம்மாவின் போனில் போட்டார். முழுசாக வந்தது.

"போன் நல்லாக்கீது. சிம்முதான் செத்துப்போச்சு. யார் பேர்ல வாங்கினது?"

"எங்க ஊட்டுக்காரர் பேர்ல."

"அவர வரச் சொல்லுங்க. அவர் கைரேகை வெச்சாதான் வேற சிம் எடுக்க முடியும்."

அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "அவருக்குத் தெரிஞ்சா போச்சு பாய். விழுப்புரத்துல கடையே இல்லியா? எல்லாம் அவருக்குத் தெரிஞ்சவங்க. அதான் இம்மாந்தூரம் வந்தேன்."

என்னால் சும்மா இருக்க முடியுமா? என்னம்மா விஷயம் என்றேன். கொட்டிவிட்டார்.

மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு ஊர் — பெயர் வேண்டாமே. சொந்த நிலம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார்கள். ஒரே பெண். காலனிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். இனி அவள் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் அப்பா. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையானால் அம்மாவின் போனுக்கு ஒரு மிஸ்டு கால் வரும். ரெண்டு ரிங். கட்.

"நல்லாக்கிறேன்னு அர்த்தம். நானும் எடுக்க மாட்டேன், அதுவும் பேசாது. அவர் பாத்துடப் போறாருன்னு உடனே நம்பர அழிச்சிடுவேன். அழிக்கிறதுக்கு அதுதான் சொல்லிக் குடுத்துட்டுப் போச்சு."

அப்படியென்றால் பெண்ணின் நம்பர்? எங்கேயும் இல்லை.

"அது முழுகாம கீதோ, காய்ச்சல்ல படுத்துக்கினு கீதோ… எனக்கு எப்டிம்மா தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

பாய் தலையைச் சொறிந்துகொண்டே என்னிடம் திரும்பினார். "உங்க போன்லேர்ந்து இந்த செத்த சிம் நம்பருக்கு ஒரு ரிங் விடுங்கம்மா. இன்னா சொல்லுதுன்னு பாப்போம்."

ஸ்பீக்கரில் போட்டேன். 'உபயோகத்தில் இல்லை' என்று வரும் என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம்.

ரிங் போனது! சிம் எங்கள் முன்னால் செத்துக் கிடக்கிறது. நம்பர் எங்கேயோ அடிக்கிறது. உடனே எடுத்தார்கள். ஓர் ஆண் குரல்.

"பாப்பா… பாப்பாவா? வெச்சிடாதம்மா. அப்பா பேசறேன்."

அந்த அம்மா கடை மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்… இன்னா வேல பண்ணிக்கிற நீ?"

கணவரிடமிருந்து மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது. சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கித் தன் போனில் போட்டுக்கொண்டிருக்கிறார். பழைய சிம் அன்றே செத்துவிட்டது. மனைவி மோட்டார் கொட்டாய் மேல் ஏறி டவர் தேடியதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

"ஞாயித்துக்கெழமையானா நீ போன வெச்சிக்கினு கண்ணத் தொடைக்கிறத பாத்தேன். உன்னாண்ட கேக்க வாய் வர்ல. சிம்ம மாத்திக்கினேன். அந்த வாரமே அடிச்சிச்சு… எடுத்துட்டேன். பாப்பான்னு கூப்ட்டேன். கட் பண்ணிடுச்சி. திருப்பிப் போட்டா ஸ்விட்ச் ஆஃபு. அன்னிலேர்ந்து ஸ்விட்ச் ஆஃபுதான்."

அவரிடம் பெண்ணின் நம்பரை வாங்கி, பாயின் போனிலிருந்து நானும் போட்டுப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் பயப்படாமல் என்ன செய்வாள்? சாதி விட்டுக் கட்டிக்கொண்டு ஒளிந்து வாழ்கிறவளுக்கு, திடீரென்று அப்பா குரல் கேட்டால் பாசம் என்றா தோன்றும்? கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதானே தோன்றும்! சிம்மைக் கழற்றி எறிந்திருப்பாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கேட்க வாய் வரவில்லையாம்… அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்னும்போது மட்டும் நன்றாக வந்ததாக்கும்!

போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் அவர் மறுபடி பேசினார். அழுகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நான் இனிமே எடுக்க மாட்டேன்னு சொல்லு. அது எங்க கீதுன்னுகூட கேக்க மாட்டேன். அடிக்க மட்டும் சொல்லு."

யாரிடம் சொல்வது? எந்த நம்பரில் சொல்வது? அந்த அம்மா செத்துப்போன சிம்மை எடுத்து அதே கவருக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிரகப்பிரவேசத்துக்கு நான் போகவில்லை. அந்த அம்மாவோடு விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "இதைப் பத்திரிகையில் எழுதட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. பொட்டலம் கட்டின பேப்பரக்கூட உடாம படிக்கிற பொண்ணு அது."

அதனால் எழுதிவிட்டேன். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும், கடைசி வரி உங்களுக்கு இல்லை.

பாப்பா… ரெண்டு ரிங் விடும்மா. அப்பா எடுக்க மாட்டாராம்.