அயனம்பாக்கம் ஏரியில் ஒரு பனிக்கரடி

அனிமேட்டர் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து பொம்மைக்கு உயிர் கொடுப்பவன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொம்மை பண்ண வேண்டியதை எல்லாம் முதலில் தானே பண்ணி, அதைச் செல்போனில் பிடித்து, அப்புறம் அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன் அவன். அந்த வீடியோவுக்கு ரெஃபரன்ஸ் என்று பேர். பொம்மை குரங்கு என்றால் நாமும் குரங்கு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மூன்றாவது மாடி ஸ்டூடியோவில் பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். பதினோரு வருஷமும் எனக்குக் கூட்டம்தான். கதாநாயகன் முன்னால் ஓடுவான். பின்னால் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற இருபது பேர் என்னுடையவர்கள். பிழைப்புக்காக நாலு பேர் சிரிக்க நின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

கவிழ்ந்த வண்டு

ஒருமுறை மல்லாந்து விழுந்த வண்டு நிமிர முடியாமல் தவிக்க வேண்டும். மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, மல்லாக்கப் படுத்துக் கையையும் காலையும் உதறினேன். வண்டு முகம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் வாயையும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டடம் லேத் பட்டறை. அதன் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்திருக்கிறார். அந்தக் கட்டடத்துப் படி இறங்கி, எங்கள் படி ஏறி, மூச்சு வாங்க ஓடி வந்து, என் கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்து விரல்களை மூடினார். வலிப்பு இல்லை, வண்டு என்று எந்த வாயால் சொல்வது? பத்து நிமிஷம் சாவியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் என் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாத நைனா, இரும்பு கைல கீற வரைக்கும் ஒண்ணும் ஆவாது."

மீன் வைக்கிற ட்ரே

போன வருஷம் எனக்கு ஒரு கரடி கிடைத்தது. மஃப்ளரும் பூட்ஸும் போட்ட கரடி. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான தொடரில் கதாநாயகனே அதுதான். வீட்டில் சொன்னேன், மாமியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன், லேத் பட்டறைப் பெரியவரிடம்கூடச் சொன்னேன். கரடி பனியில் நடந்து வருகிற முதல் ஷாட்டைத் தொடர் எடுக்கிற வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. மாற்றி அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. கரடி பனியில் நடக்கவில்லை, டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது என்று எழுதியிருந்தார்கள். எங்கள் டீம் லீடர் ஹேமா என்னைவிடப் பத்து வயசு சின்னவள். மூன்றாவது தடவையும் திரும்பி வந்தால் கரடியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு என்னைக் கூட்டத்துக்கே அனுப்பச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பது வயசில் இன்னொரு கதாநாயகன் வருவானா?

என் குறை எனக்கே தெரியும். நான் பார்த்த ஒரே பனி எங்கள் வீட்டு ஃப்ரீஸரில் இருப்பதுதான். அதைக் கரண்டியால் சுரண்டி, ஒரு ட்ரேயில் கொட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகக் காலை வைத்தேன். எப்படி அமுங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி சுமதி வந்து நின்றாள். ட்ரேயைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அது மீன் வைக்கிற ட்ரே. கால எடுங்க."

மூன்று தெரு

பனி கிடக்கட்டும், முதலில் கனமாவது வரட்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது எதிரே கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஒருவர் தோளில் சிலிண்டரோடு போனார். அடடா, என்ன நடை. ஒரு கால் ஊன்றினால் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் இறங்கி, அப்புறம்தான் மறு கால் கிளம்புகிறது. நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே, அவர் கால் வைத்தபோதெல்லாம் நானும் கால் வைத்துப் பின்னாலேயே போனேன்.

மூன்று தெரு தாண்டியதும் அவர் சிலிண்டரை டங்கென்று இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னா சார், பின்னாடியே வந்துகினு கீற? பின்னாடி வந்தா சிலிண்டர் குட்த்துருவாங்களா? புக் பண்ணிட்டு ஊட்ல போய்க் குந்து."

ஏரிக்கரை

ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அயனம்பாக்கம் ஏரி நடக்கிற தூரம்தான். கரையோரச் சேறு முழங்கால் வரை இழுக்கும். பனியும் காலை இப்படித்தானே இழுக்கும் என்று எனக்கு ஞானம் பிறந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சுமதி கரையில் போனோடு நின்றாள். "சீக்கிரம் முடிங்க, தெரிஞ்சவங்க யாராச்சும் வந்துடப் போறாங்க" என்றாள். நான் கரடியானேன். தோளைக் குறுக்கி, கையைத் தொங்கப்போட்டு, சிலிண்டர்காரர் மாதிரி இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து நடந்தேன். பத்தாவது அடியில் சேறு ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டது. நின்றேன். குனிந்து கையை விட்டுத் துழாவிப் பிடுங்கினேன். யாராவது பார்த்தார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே நடந்தேன்.

பார்த்துவிட்டார்கள். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கித் தேட ஆரம்பித்துவிட்டார்கள். "செயினா, மோதிரமா அண்ணாத்தே?" என்று அக்கறையாகக் கேட்டார்கள். நல்ல மனுஷர்கள். முழங்கால் வரை சேறானவர்களிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. ஒன்றும் தொலையவில்லை, நான் கரடி மாதிரி நடந்து பார்க்கிறேன் என்றேன். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கரடிக்கு இன்னாத்துக்கு நைனா லுங்கி?"

பெரிய திரையில்

அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து மூன்று நாளில் ஷாட்டை முடித்தேன். கரடி நன்றாகத்தான் நடந்தது. கிளையன்ட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் மீட்டிங். டீமில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். திரையில் கிளையன்ட் அம்மா, அவர் ஜன்னலுக்கு வெளியே நிஜப் பனி. "கரடியைப் பார்க்கலாமா" என்று ஓட விட்டார். திரையில் அயனம்பாக்கம் ஏரி வந்தது. மடித்துக் கட்டிய லுங்கியோடு நான் வந்தேன். ஷாட்டுக்கும் ரெஃபரன்ஸுக்கும் ஒரே பேர் வைத்து, மாற்றி அனுப்பிய புத்திசாலி நான்தான்.

ஹேமா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்தது, திங்கட்கிழமையிலிருந்து கத்தரிக்காய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. மறுபடி ஓட விட்டார். செருப்பு இடத்தில் நிறுத்தினார். மறுபடி ஓட விட்டார். பிறகு ஹேமாவோடு ஆங்கிலத்தில் கடகடவென்று பேசினார். என் காதில் எதுவும் ஏறவில்லை. ஹேமா என் பக்கம் திரும்பினாள், அவள் கண்ணில் தண்ணீர். "குமாரண்ணா, அவங்க பையன் பூட்ஸ் பனியில மாட்டினா இப்படியேதான் முழிப்பானாம். கரடியையும் இப்படியே பண்ண வைங்க, வேற யார் கைக்கும் குடுக்க வேணாம்னு சொல்றாங்க."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டிவிக்கு முன்னால்

தொடர் வந்தது. ஏரிக்குப் போன கதை எதுவும் என் மகனுக்குத் தெரியாது. ஐந்து வயசு. அவனை மடியில் வைத்துக்கொண்டு நானும் சுமதியும் பார்த்தோம். பனியில் கரடி சாய்ந்து சாய்ந்து வந்தது. பூட்ஸ் மாட்டியது. குனிந்து பிடுங்கியது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தது. சுமதி என்னைப் பார்க்காமலே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகன் மட்டும் மடியிலிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். டிவியைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"அம்மா, இந்தக் கரடி அப்பா மாதிரியே திருட்டு முழி முழிக்குது."

பதினோரு வருஷம் ஊரார் நடையைத் திருடிப் பிழைத்தவன், கடைசியில் சொந்த முழியில் பிடிபட்டேன்.