பச்சைக்கொடியோடு முடியாத படம்

பழைய ஆங்கிலப் படம் எதைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டுவிட்டு யாரும் சுலபமாகத் தப்பித்துப் போனதில்லை. கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், மதியச் சாப்பாட்டுக்கு எதிரே உட்காரும் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்பார். "ஏனுங்க, இந்த வாரம் நம்மளுக்கு என்ன படமுங்க?" நான் உடனே பெயரைச் சொல்லிவிடமாட்டேன். யாரோடு பார்க்கப் போகிறார், வீட்டில் ஏதாவது சண்டையா, மனசு எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரிப்பேன். "படம் கேட்டா நாடி புடிக்கறீங்களே" என்று சலித்துக்கொள்வார். ஆனால் நான் சொன்னதைத்தான் பார்ப்பார். திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்த்தாலே மருந்து வேலை செய்ததா என்று தெரிந்துவிடும்.

இந்த வைத்தியம் என் சொந்தச் சரக்கு இல்லை. என் அத்தையுடையது. அப்பாவுக்கு மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஆங்கிலத்தில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆனால் கருப்பு வெள்ளைக் காலத்து ஹாலிவுட் படங்களை அவள் அளவுக்கு உள்வாங்கிய ஒருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அடித்துச் சொல்கிறேன்.

மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளான எங்கள் லயம் இருந்தது. அத்தைக்கு மானேஜர் பங்களாவில் சமையல் வேலை. மானேஜரின் அம்மாவை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். அந்த அம்மாவுக்குப் பழைய ஆங்கிலப் படம் என்றால் உயிர், ஒரு பெட்டி நிறைய டிவிடி வைத்திருந்தார். ஆனால் வயதாக வயதாகப் பார்வை மங்கி, கடைசியில் சுத்தமாகப் போய்விட்டது. அதற்காகப் படத்தை விடுவாரா? தேநீர்த் தட்டோடு வந்த அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். திரையில் நடப்பதை அத்தை தமிழில் சொல்வாள். திரையில் பேசுவதை மேடம் தமிழில் சொல்வார். கண் ஒருவருடையது, காது ஒருவருடையது. இப்படியே ஏழெட்டு வருடம், மாலை தோறும், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு படம் பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்தால் ஒன்றும் தப்பாது. ஒரு நடிகை கையுறையைக் கழற்றும் வேகத்திலேயே அவள் பொய் சொல்கிறாளா என்று அத்தை கண்டுபிடித்துவிடுவாள். இப்போதைய படத்தில் எல்லோரும் வாயால் அழுகிறார்கள், அந்தக் காலத்து ஆட்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதார்கள் என்பாள். இன்றைக்கும் பழைய படத்தில் யாராவது ஜன்னல் பக்கம் திரும்பினால் நான் அவர்களுடைய முதுகைத்தான் பார்ப்பேன்.

மானேஜர் ஓய்வு பெற்றதும் அந்தக் குடும்பம் குன்னூருக்குப் போனது. அங்கே வீட்டு வேலை முடிய ஒரு மாதம் ஆகும், முடிந்ததும் அத்தையும் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஒரு மாதத்துக்கு அத்தை தன் சூட்கேசோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். லாரியில் உடைந்துவிடும் என்று மேடம் அவளிடம் ஒப்படைத்த டிவிடி பெட்டியும் கூட வந்தது. அடேயப்பா, லயத்துக்கே வந்த யோகம் அது! கல்யாணமான புதிதில் முறைத்துக்கொண்டு திரிந்த பக்கத்து வீட்டு ஜோடிக்கு, படம் முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் ஒரே குடைக்குள் வரும் ஜோடியின் படம். மகனைப் பறிகொடுத்த தையற்காரருக்கு, எல்லோரும் எதிர்பார்த்ததுபோல் அழுகைப் படம் இல்லை; ஒருவன் படியில் விழுந்துகொண்டே இருக்கும் சிரிப்புப் படம். அவர் சிரித்துச் சிரித்து அழுதார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் எங்கள் முன்னறையில் கால் வைக்க இடமிருக்காது. அத்தை டிவிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வாள். ரிமோட் என் கையில். எனக்கு அப்போது ஒன்பது வயது, பூமியில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்த மாதம்தான் எங்கள் வீட்டில் பெரிய இக்கட்டு. கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, மலைச்சரிவில் ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எஸ்டேட் வீடு வேலைக்காரர்களுக்குத்தான். அம்மா நின்றுவிட்டால் குடும்பத்தில் வேறு யாராவது எஸ்டேட் வேலைக்குப் பேர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பா வாடகை ஜீப் ஓட்டுகிறவர், எஸ்டேட் கணக்கில் வரமாட்டார். நான் ஒன்பது வயதுப் பொடிசு. மிச்சம் அக்கா. அவள் பிளஸ் டூ முடித்து, மங்களூரில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்து, மாதக் கடைசிக்குள் வருவதாகப் பதில் எழுத வேண்டிய நிலையில் இருந்தாள்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? வீட்ட விட்டுட்டு எங்கன போவ? ரோட்டுலயா படுப்ப?" என்பார் அப்பா. திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கு ஊர் என்று சொல்ல ஒரு பெயர் மட்டும்தான் இருந்தது, கூரை இல்லை. அக்கா எழுந்துவிடுவாள். அடுப்படியில் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள்.

அப்பாவிடம் நேராகச் சொன்னால் நடக்காது என்பது கூடப் பிறந்த அத்தைக்குத் தெரியாதா? அத்தை பெட்டியைக் குடைந்து ஒரு படத்தை எடுத்தாள். "தம்பி, இந்த ஞாயித்துக்கிழம ஜீப்ப எடுக்காத. ஒனக்குன்னே ஒரு படம் வச்சிருக்கேன்."

பனி கொட்டும் ஓர் ஊரில் சின்ன ரயில்வே ஸ்டேஷன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரே மகள், தாயில்லாதவள். பட்டணத்துக்குப் போய்ப் பாட்டுப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவருக்கு மனசே இல்லை. கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு மகளைப் பார்க்காமல் இருக்கிறார், சாப்பாட்டு மேசையில் உப்பை மட்டும் நகர்த்தி வைக்கிறார். ஒருநாள் அவள் பெட்டியோடு ரயில் ஏறிவிடுகிறாள். அந்த ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்ட வேண்டியவர் அவர்தான். எஞ்சின் காத்திருக்கிறது. புகை அவர் முகத்தை மறைக்கிறது, விலகுகிறது, மறைக்கிறது. கொடி மெல்ல மேலே போகிறது.

அந்த நடிகரின் கை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு வசனம் கிடையாது, ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது, வெறும் கை. உலகத்தில் எத்தனையோ படம் பார்த்துவிட்டேன், அதற்கு ஈடாக ஒன்று இன்னும் அகப்படவில்லை.

"அவ்வளவுதான், படம் முடிஞ்சிட்டு" என்றாள் அத்தை. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "சரிட்டி..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

என் வாய் சும்மா இருந்தால்தானே. பிளேயரில் ஓடிய எண்களை நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். "அத்தை பொய் சொல்லுது! இன்னும் பதினெட்டு நிமிசம் இருக்கு!" என்று கத்திக்கொண்டு, ரிமோட்டை உயர்த்திப் பிடித்தபடி மிச்சத்தை ஓட விட்டேன். பொய்யைப் பிடித்துவிட்ட பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது.

அத்தை பொய் சொல்லவில்லை என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. கொடி மேலே போனதும் பெரிய மேடம் எப்போதும் "போதும், நிறுத்து" என்றுவிடுவாராம். படம் அங்கேயே முடிகிறது என்றுதான் அத்தை நினைத்திருந்தாள். ஆக, அந்தப் பதினெட்டு நிமிடத்தை அவளும் எங்களோடுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அவளுக்கே தெரியாத கதை, சொல்லவும் தேவைப்படவில்லை.

மறுபடியும் பனி. வருடங்கள் போய்விட்டன. ஸ்டேஷன் மாஸ்டர் கூன் விழுந்து லாந்தர் விளக்கோடு நிற்கிறார். ரயிலிலிருந்து அதே பெட்டியோடு மகள் இறங்குகிறாள். இளைத்திருக்கிறாள், கோட்டில் பாதிப் பொத்தான் இல்லை. பட்டணம் அவளைச் சக்கையாகப் பிழிந்து அனுப்பியிருக்கிறது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொள்கிறார். இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் வீட்டை நோக்கி நடக்கிறார்கள். ஜன்னலில் வெளிச்சம். கதவு திறக்கிறது, முடிந்தது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "பாத்தியளா? போனவ கதி இதான். நாளைக்கு ஆபீசுல பேர் குடுத்துருவோம்." ஜீப் உறுமிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அக்கா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாவி, நான் செய்த வேலை அது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அத்தை திட்டுவாள் என்று மட்டும் பயந்தேன். அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏட்டி, அந்தக் கடைசிய இன்னொருக்கா போடு" என்றாள். போட்டேன். மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவை எழுந்து போய், திரையில் அந்த ஜன்னல் வெளிச்சம் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

அப்பா திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "அந்தாளுக்கு முதுகே கூனிட்டு. இன்னும் வேலைய விடாம நிக்காம் பாரு. ஏன்னு நெனைக்க?"

"படத்துல என்னத்தையாவது காட்டுவான். சோத்தப் போடுக்கா."

"வேலைய விட்டா ரயில்வேக்காரன் வீட்டப் புடுங்கிருவாம்லா? அப்புறம் அவ எந்த வீட்டுக்குத் திரும்பி வருவா? நீ அந்தப் புள்ளையோட கிழிஞ்ச கோட்டப் பாத்த தம்பி. நான் வீட்டப் பாத்தேன். புள்ள போகட்டும். வீடும் இருக்கட்டும். நாளைக்கு எம்பேரக் குடு."

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நாப்பத்தஞ்சு வயசுல மலையேறப் போறியாக்கா? குன்னூருல ஒனக்கு ராஜபோகம் காத்துக் கெடக்கு." அத்தை அவருடைய தட்டில் மீன்குழம்பை ஊற்றினாள். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அத்தை பேர் பதிந்தாள். கொழுந்து வெட்டும் கத்திரியும் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் ஷீட்டும் வாங்கி வந்தாள். பங்களாவில் கேக் செய்து பழகிய அந்தக் கைகள் ஒரே வாரத்தில் கொப்புளித்து, பிறகு காய்த்துப்போயின. அட்டை கடித்த கால்களில் உப்பு தடவிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கதை சொன்னாள். பதின்மூன்று வருடம் மலையேறினாள். அக்கா மங்களூர் போனாள், நர்ஸ் ஆனாள். ஒரு மழைக்காலத்தில், கட்டியவன் சரியில்லாமல், கைக்குழந்தையும் பெட்டியுமாகச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அத்தை அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கத்திரியைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் படத்தை யாருக்குச் சொன்னாலும் முடிவு சோகமாக இருக்கிறது என்கிறார்கள். கோயமுத்தூர்க்காரரும் அதையேதான் சொன்னார். நான் அவரிடம் வாதாடவில்லை. இன்னொரு தடவை பாருங்கள், அந்தப் பெண்ணை விட்டுவிட்டு ஜன்னலைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பேர் பதிந்த அன்று சாயங்காலம் அத்தை அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் குழாயடி மேட்டில் நின்று குன்னூருக்குப் பேசினாள். நானும் கூடப் போயிருந்தேன். தான் வரப்போவதில்லை என்பதை இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டாள். பிறகு அத்தை மெதுவாக, "மேடம், நம்ம கொடிப் படம் அங்கன முடியல. இன்னும் இருக்கு. சொல்லட்டா?" என்றாள். பனி கொட்டுகிறது என்றாள். கூன் விழுந்த முதுகைச் சொன்னாள், லாந்தரைச் சொன்னாள், பொத்தான் இல்லாத கோட்டைச் சொன்னாள், ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறது என்று சொன்னாள். பார்த்த படத்தையே எதற்கு இவ்வளவு நேரம் சொல்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சொல்லி முடித்ததும் மேடம் ஏதோ கேட்டார். "பெட்டிய அனுப்பி வைக்கேன் மேடம்" என்றாள் அத்தை. பிறகு கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி மேடம், நானே வச்சுக்கிடுதேன்" என்றாள். பார்த்துச் சொல்ல ஆளில்லாத வீட்டில் அந்த டிவிடிகள் எதற்கு என்று அவர் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: டிவிடி பெட்டி எங்களுக்கே. வீட்டுக்கு ஓடினேன். வாசலுக்குப் பக்கத்தில் தயாராக இருந்த குன்னூர் சூட்கேசை, பின்னால் வந்த அத்தை தூக்கி பீரோவின் மேல் ஏற்றி, தூசி படியாமல் பழைய சேலையால் மூடினாள். நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். அத்தை திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றிருந்தாள்.